அன்னதான மண்டபத்துல கார் சத்தம் ஏன்?



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவார வகுப்பு முடிஞ்ச பிறகு அன்னதான மண்டபத்துல இருந்து ‘உய்ய்ங்’னு ஒரு சத்தம் வருதே, அது என்ன? யார் அனுமதி கொடுத்தது? இது கோவிலா, கேம் சென்டரா? நாலைந்து வாரமா வாட்ஸ்ஆப் குழுவுல இதே கேள்விதான். கேட்டவங்க எல்லாரும் கோவில் மேல உள்ள அக்கறையிலதான் கேட்டீங்க, அதுல எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆனா ஒருத்தருக்கு பதில் சொன்னா இன்னொருத்தர் முதல்ல இருந்து ஆரம்பிக்கிறார். அதனால இளைஞர் பகுதியைப் பார்த்துக்கிற நாங்க மூணு பேரும் உட்கார்ந்து முழு கதையையும் இங்கேயே எழுதிடலாம்னு முடிவு பண்ணினோம். பதிவு நீளம்தான். பொறுமையா படிங்க.

முதல்ல காரணம். பட்டர்வொர்த்துல இருக்கிறவங்களுக்கு நாங்க சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல வெளிவட்டச் சாலை பக்கம் போனா மோட்டார் சத்தம் கேட்கும். படுத்துக்கிட்டே ஓட்டுவாங்க, ஒரு சக்கரத்துல ஓட்டுவாங்க. ‘மாட் ரெம்பிட்’னு பேப்பர்ல வரும்போது அது வேற யாரோ பிள்ளைங்கன்னு நினைச்சு பக்கத்தைத் திருப்பிடுறோம். அந்தக் கூட்டத்துல நம்ம பிள்ளைங்களும் இருக்காங்க. ரத ஊர்வலத்துல கயிறு பிடிச்ச கையும், விசேஷ நாள்ல தண்ணீர் பந்தல்ல கப் நீட்டின கையும் அங்க த்ராட்டலை முறுக்குது.

வெள்ளிக்கிழமை தவறாம விளக்கு போட வர்ற ஒரு அக்கா ஒருநாள் எங்ககிட்ட வந்து, “தம்பி, அவன் தேவார வகுப்புக்கு வந்துக்கிட்டு இருந்த பிள்ளை. இப்ப கோவில்னாலே ஓடுறான். ஏதாவது ஒண்ணு செஞ்சு அவனை இங்க உட்கார வையுங்க”ன்னு அழுதாங்க. பையன் அப்பதான் எஸ்பிஎம் எழுதி முடிச்சிருந்தான். பிறையில ஒரு தொழிற்சாலையில பகுதிநேர வேலை. கையில காசு, கீழ மோட்டார். பேரு சொல்ல மாட்டோம். இந்தப் பதிவுல அவன் ‘தம்பி’தான்.

அந்த நேரத்துல ஒரு பக்தர் குடும்பம் வீடு மாறிப் போனாங்க. அவங்க பையன் வச்சிருந்த பழைய பிளேஸ்டேஷன் 3, ஒரு ஸ்டியரிங், கால்ல மிதிக்கிற பெடல், மூணு டிஸ்க், எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு கோவிலுக்குக் கொடுத்துட்டாங்க. கோவிலுக்கு குத்துவிளக்கு கொடுப்பாங்க, அரிசி மூட்டை கொடுப்பாங்க. இதை எந்தக் கணக்குல எழுதுறதுன்னு பொருளாளர் ஐயா தலையைச் சொறிஞ்சார். மூணு டிஸ்க்ல ரெண்டு கீறல் விழுந்து ஓடலை. ஓடினது ஒண்ணுதான். எஃப்1 2012.

தெரியாதவங்களுக்காக: இது ஃபார்முலா 1 கார் பந்தயத்தோட அதிகாரபூர்வ வீடியோ விளையாட்டு. இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2012 செப்டம்பர்ல வெளியிட்டது. அந்த வருஷப் பந்தயத்துல ஓடின 12 அணி, 24 ஓட்டுநர், 20 மைதானம், எல்லாமே அப்படியே உள்ள இருக்கு. அதுல ஒண்ணு நம்ம செப்பாங். இங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர். நம்மில் பலர் விமான நிலையத்துக்குப் போற வழியில அதோட அறிவிப்புப் பலகையை மட்டும் பார்த்திருப்போம். 1999 முதல் 2017 வரை பத்தொன்பது தடவை ஃபார்முலா 1 அங்க நடந்தது. 2017-க்குப் பிறகு நிறுத்தியாச்சு. அதுக்கப்புறம் வந்த எஃப்1 விளையாட்டுகள்ல செப்பாங்கும் காணோம். அதனால பழைய டிஸ்க்னு அலட்சியமா இருந்த பிள்ளைங்க, “அண்ணே, இதுல மலேசியா இருக்கு”ன்னு கத்தினதும் மண்டபமே கூடிடுச்சு.

இன்னொரு விஷயமும் அவங்களுக்குத் தெரியலை. அந்த வருஷம் பச்சை நிறத்துல ஓடின கேட்டர்ஹாம் அணி நம்ம மலேசியக் கொடியின் கீழ பதிவான அணி. ஏர்ஏசியா டோனி பெர்னாண்டஸ் ஆரம்பிச்சது. மெர்சிடிஸ் கார்ல பெட்ரோனாஸ் பேரு இருக்கிறது மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது.

ஆனா எங்களை உட்கார வச்சது ஓட்டுநர் பட்டியலோட கடைசிப் பகுதி. எச்ஆர்டி அணி, கார் எண் 23, நரேன் கார்த்திகேயன்.

கோயம்புத்தூர்க்காரர். 1977 ஜனவரி 14 அன்னிக்குப் பிறந்தவர், அதாவது பொங்கல் சமயம். 2005-ல ஜோர்டான் அணியில ஓட்டி, ஃபார்முலா 1-ல கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனவர். அதே வருஷம் அமெரிக்கப் பந்தயத்துல டயர் தகராறுல பெரும்பாலான அணிகள் விலகிப்போக, ஆறே கார் ஓடினதுல நாலாவதா வந்து 5 புள்ளி எடுத்தார். ஆறு கார்ல நாலாவதுன்னு சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், புள்ளி புள்ளிதான். அவருக்கு அப்புறம் சென்னையில இருந்து கருண் சந்தோக் வந்தார், 2010-ல இதே எச்ஆர்டி-லதான். நம்ம மண்டபத்துல இருந்த பதினைந்து பிள்ளைங்கள்ல ஒருத்தனுக்குக்கூட இந்த ரெண்டு பேரும் தெரியலை. ஹாமில்டன் தெரியும், வெர்ஸ்டப்பன் வீட்டுப் பூனை பேரு கூடத் தெரியும். தமிழ் பேரைத் திரையில பார்த்ததும் ஒரு சின்னப் பையன், “இவர் நம்ம ஆளா?”ன்னு கேட்டான். பாருங்க, அந்தக் கேள்விக்காகவே அந்தப் பெட்டியைச் சுமந்துட்டு வந்தது வீண் இல்லைன்னு எங்களுக்குத் தோணுச்சு.

இப்ப விளையாட்டைப் பத்தி. நல்லதை முதல்ல சொல்லிடுறோம்.

எங்க தொண்டர் குழுவுல ஒரு மாமா இருக்கார். முப்பது வருஷம் பட்டர்வொர்த்–கோலாலம்பூர் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டினவர். பிள்ளைங்களுக்கு அவர் ‘பஸ் மாமா’. முதல் நாள் அவரை ஸ்டியரிங்ல உட்கார வச்சோம். செப்பாங்ல முதல் வளைவு வலது பக்கம் மடங்கிட்டே போகும், போதும்னு நினைக்கும்போது இன்னும் மடங்கும், உடனே இடது பக்கம் திரும்பணும். மாமா நேரா மணலுக்குள்ள போய் நின்னார். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவர் சிரிக்கலை. “இரு, இரு. இது பிரேக்கை முன்னாடியே கேட்குது”ன்னார். பத்து சுற்று போனதும் மாமா மணலுக்குப் போறதை நிறுத்திட்டார்.

அவர் சொன்ன பாராட்டுதான் எங்க பாராட்டும். இந்த விளையாட்டு அவசரக்காரனுக்கு உதவாது. ஈரத்துல ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா கார் பம்பரமா சுத்தும். டயர் தேயும், தேய்ஞ்சா பிடி போகும், பிடி போனா அதுவரைக்கும் வந்த வேகத்துல அதே வளைவுல வர முடியாது. எண்ணெயும் கணக்குப் பார்த்துதான் செலவு பண்ணணும். ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி, அலட்டாம, பொறுமையா ஓட்டுறவன்தான் முன்னேறுவான். இதை நாங்க வாயால சொல்லியிருந்தா எந்தப் பையன் காதுல வாங்குவான்?

மழைதான் இதோட உச்சம். வானம் முழுக்க ஒரே நேரத்துல பெய்யாது. மேகம் ஒரு பக்கமா நகர்ந்து வரும். மைதானத்தோட ஒரு மூலையில தண்ணி நிக்கும், இன்னொரு மூலை காய்ஞ்சிருக்கும். நம்ம ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேணுமா? ராஜா ஊடாவுல கொட்டும், பாகான் லுவார்ல வெயில் அடிக்கும். முன்னால போற கார் கிளப்புற தண்ணித் தூசியில ஒண்ணுமே தெரியாது, பின்னால சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும். அந்த இடத்துல பஸ் மாமா மெதுவா, “நெடுஞ்சாலையில ராத்திரி ரெண்டு மணிக்கு, லோரிக்குப் பின்னால... இப்படித்தான் இருக்கும்”னார். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அவர் பேசலை.

நீலக் கொடி விதியையும் சேர்த்துக்கணும். ஒரு சுற்று முன்னால இருக்கிறவன் பின்னால வந்துட்டா, நாம ஒதுங்கி வழி விடணும். விடலைன்னா அபராதம். எச்ஆர்டி மாதிரி கடைசி அணியில சேர்ந்தா பாதி நேரம் இதுதான் வேலை. “ஏன் அண்ணே நாம ஒதுங்கணும்?”னு பிள்ளைங்க கொதிச்சாங்க. இதை வச்சே அன்னிக்கு அரை மணி நேரம் பேச்சு ஓடுச்சு. ஆம்புலன்ஸ் வரைக்கும் போச்சு.

சரி, குறைகளுக்கு வருவோம்.

சின்னதுங்க சில. எல்லாம் ஆங்கிலத்துல இருக்கு. பந்தயப் பொறியாளர் ரேடியோவுல “பாக்ஸ், பாக்ஸ்”னு கூப்பிடுவார், டயர் மாத்த உள்ள வான்னு அர்த்தம். நம்ம ஆறு வயசுக்காரன் ஒருத்தன் ‘பெட்டி வருது’ன்னு நினைச்சு காத்துக்கிட்டு இருந்தான். ஒரே திரையில ரெண்டு பேர்தான் சேர்ந்து ஆட முடியும். பதினைந்து பேருக்கு அது போதாது, வரிசை நிக்கணும், சண்டை வரும். தொழில்முறை ஆட்டத்துல நாம ஒரு அணியில சேர்ந்தா, நிஜத்துல அந்த சீட்ல இருந்த ஒருத்தர் காணாமப் போயிடுவார். எச்ஆர்டி-ல சேர்ந்தா நரேனோ, டெ லா ரோசாவோ ஒருத்தர் இறங்கணும். நரேன் பேருக்காக அந்த அணியைத் தேர்ந்தெடுத்து நரேனையே இறக்கிவிடுற ஆபத்து! பின்னால வந்து இடிச்சவன் போயிட்டான், அபராதம் எங்களுக்குன்னு சில தடவை நடந்திருக்கு. ஆனா அது விளையாட்டோட கோளாறா, எங்க பிள்ளைங்க ஓட்டின லட்சணமான்னு உறுதியா சொல்ல முடியலை.

பஸ் மாமாவோட குறை வேற மாதிரி. “பிரேக் பிடிச்சா வண்டி முன்னால சாயுறதை இடுப்பு சொல்லும், வளைவுல தோள் சொல்லும். இதுல கண்ணு மட்டும்தான் சொல்லுது. உடம்பு சும்மா கெடக்கு”ன்னார். ரொம்ப சரி. நிஜ ஃபார்முலா 1 கார்ல பலமா பிரேக் போட்டா உடம்பு எடையைப் போல அஞ்சு மடங்கு அழுத்தம் வரும். செப்பாங் வெக்கையில ஒரே பந்தயத்துல ரெண்டு மூணு கிலோ எடை வேர்வையாவே இறங்கும். அங்க 56 சுற்று, 310 கிலோமீட்டர். நம்ம பிள்ளைங்க ஐஸ் மைலோ குடிச்சுக்கிட்டே மூணு சுற்று ஓட்டிட்டு ‘சிம்பிள் லா’ங்கிறாங்க.

இதைவிடப் பெரிய குறை ஒண்ணு இருக்கு. அதுக்கு நிஜமா நடந்த ஒரு பந்தயத்தைச் சொல்லணும்.

2012 மார்ச் 25, செப்பாங். எச்ஆர்டி அந்த வருஷத்தோட முதல் பந்தயமான ஆஸ்திரேலியாவுல ஓடவே தகுதி பெறலை, அவ்வளவு மெதுவான கார். செப்பாங்ல எப்படியோ தகுதி பெற்று கடைசியில நின்னாங்க. மழை வரும்னு நம்பி நரேன் கார்ல முழு மழை டயர் போட்டிருந்தாங்க. வந்தது மழை. சாதாரண மழை இல்லை, நம்ம சாயங்கால மழை. முன்னால இருந்தவங்க எல்லாம் டயர் மாத்த உள்ள ஓட, இவர் நிக்காம போய்க்கிட்டே இருந்தார். ஒன்பதாவது சுற்றுல சிவப்புக் கொடி காட்டி பந்தயத்தை நிறுத்தினாங்க. அந்த நேரம் நரேன் கார்த்திகேயன் பத்தாவது இடம். உலகத்துலயே மெதுவான ஃபார்முலா 1 கார்ல, உலக சாம்பியன்கள் ஆறு பேர் ஓடின பந்தயத்துல, பத்தாவது. ஐம்பது நிமிஷத்துக்கு மேல எல்லாரும் மழையில காத்திருந்தாங்க. அப்படியே பந்தயம் முடிஞ்சிருந்தா? 2009-ல அதே செப்பாங்ல மழையாலயும் வெளிச்சம் போனதாலயும் 31 சுற்றோட கணக்கை முடிச்சு பாதிப் புள்ளி கொடுத்திருக்காங்க. அன்னிக்கும் அப்படி ஆகலாம்னு ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்.

ஆகலை. பந்தயம் திரும்ப ஆரம்பிச்சது, தரை காய்ஞ்சது, அவர் பின்னால போனார். பட்டன் வந்து இடிச்சார். அப்புறம் நாலாவதா போய்க்கிட்டு இருந்த வெட்டல் இவரைத் தாண்டும்போது உரசி, டயர் கிழிஞ்சு 11-ஆவதா முடிச்சார். வெட்டல் கோபத்துல பேசினது உலகம் பூரா செய்தி. நரேனுக்கு 20 வினாடி அபராதம். ஜெயிச்சது அலோன்சோ. ஆனா அந்த ஐம்பது நிமிஷம் பட்டியல்ல ஒரு தமிழ் பேரு பத்தாவது வரியில நின்னது, அதுவும் நம்ம நாட்டு மண்ணுல.

இந்தக் கதையைச் சொன்னதும் பிள்ளைங்க, “அதையே ஆடலாம் அண்ணே”ன்னு குதிச்சாங்க. செப்பாங், மழை, கடைசி இடம். ஆடினோம். மழை கொட்டுது, கார் எல்லாம் சுத்துது, ஆனா பந்தயம் நிக்கலை. இந்த விளையாட்டுல சிவப்புக் கொடியே கிடையாது! பாதுகாப்பு கார் உண்டு, மஞ்சள் கொடி உண்டு, நீலக் கொடி உண்டு. ‘இதுக்கு மேல ஓட்டாதே, நிறுத்து’ன்னு சொல்ற கொடி மட்டும் இல்லை. அதே வரிசையில 2023-ல வந்த எஃப்1 23-லதான் அதைச் சேர்த்தாங்க. அதாவது, நம்ம ஆள் பத்தாவதா நின்ன அந்த அரிய நேரத்தை, அது நடந்த வருஷத்து விளையாட்டே காட்ட முடியாது. நாங்க அன்னிக்கு இதை ஒரு ரசிகனோட குறையாத்தான் பேசினோம்.

அடுத்தது, நாங்க குறைன்னே நினைக்காம விட்டது.

விபத்து நடந்தா ஒரு பட்டனைத் தட்டலாம். படம் பின்னோக்கி ஓடும். நொறுங்கின கார் ஒண்ணா சேரும், சக்கரம் பறந்து வந்து ஒட்டிக்கும், வளைவுக்கு முன்னால கொண்டு வந்து விடும். மறுபடி ஓட்டலாம். இதே நிறுவனம் 2008-ல கிரிட்ங்கிற விளையாட்டுல கொண்டு வந்து பிரபலமாக்கின வசதி இது. புதுசா ஆடுறவனுக்கு உண்மையிலேயே உதவும்; ஒரே வளைவை நாலு தடவை பழகலாம், அரை மணி நேரம் ஓட்டினது ஒரு தப்புல வீணாகாது. ஒரு பந்தயத்துக்கு சில தடவைதான் தருவாங்க, அமைப்புல போய் மூடியும் வைக்கலாம். நாங்க மூடலை. சின்னப் பிள்ளைங்க அழக்கூடாதுன்னு கார் சேதத்தையும் சேர்த்து குறைச்சு வச்சிருந்தோம். அந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தது எங்க கைதான், இதை நாங்க ஒத்துக்கிறோம்.

தம்பி வந்தான். அம்மா அனுப்பி இல்லை, ‘மண்டபத்துல எஃப்1 ஆடுறாங்களாம்’னு கூட்டாளி சொல்லி வந்தான். ரெண்டாவது வாரமே எங்க எல்லாரையும் தோற்கடிச்சான். ஸ்டியரிங்கைத் தொட மாட்டான், கையில பிடிக்கிற கண்ட்ரோலர்தான். முதல் வளைவுல யாரும் போகாத வேகத்துல நுழைவான், தப்பினா தட்டுவான், மறுபடி நுழைவான், மூணாவது தடவை வெளிய வந்துடுவான். சின்னவங்க அவன் பின்னாலேயே நிப்பாங்க. “பயப்படாத லா, தட்டினா திரும்பி வரும்”னு அவங்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். நாங்க பக்கத்துல நின்னு சிரிச்சோம். அக்கா வெள்ளிக்கிழமை வந்து, “தம்பி, ரெண்டு ஞாயிறா வீட்டுக்கு நேரத்தோட வர்றான்”னு கை கூப்பினாங்க. நாங்களும் ஏதோ பெரிய சேவை செஞ்சுட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்தினோம்.

ஞாயிறு நேரத்தோட வந்தான். சனிக்கிழமையை யாரும் கேட்கலை.

அந்த விபத்தைப் பத்தி பலருக்குத் தெரியும். ராத்திரி ஒரு மணி, மழை விட்டு கொஞ்ச நேரம், ஈரச் சாலை. வேற யாரும் அடிபடலை, அது அம்மன் செஞ்ச புண்ணியம். இடது கால் ரெண்டு இடத்துல முறிவு, தோள்பட்டை எலும்பு விரிசல். நாங்க ஆஸ்பத்திரிக்குப் போனப்போ அக்கா எங்களை ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா தேவலையா இருந்திருக்கும்.

மூணாம் நாள் அவன் தானா பேசினான். “அண்ணே, ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க”ன்னான். “வழுக்கும்போது... ஹேண்டல்ல என் கட்டை விரல் பட்டனைத் தேடுச்சு அண்ணே. ஹாரன் பட்டன்தான் இருந்துச்சு. ஹாரன் அடிச்சுக்கிட்டே விழுந்தேன்.”

யாரும் சிரிக்கலை.

திரும்பி வரும்போது கார்ல நாங்க மூணு பேரும் பேசிக்கலை. வாசல்ல இறங்கும்போதுதான் ஒருத்தர், “விளையாட்டு அவனை ரோட்டுக்கு அனுப்பலை. ஆனா ரோட்டுல இருந்து கூட்டிட்டும் வரலை”ன்னார். இன்னொருத்தர், “விரல் தேடுனதுக்கு என்ன பதில்?”னு கேட்டார். எங்ககிட்ட இன்னிக்கு வரைக்கும் அதுக்குப் பதில் இல்லை. அவன் ரெம்பிட் ஓட்ட ஆரம்பிச்சது இந்தப் பெட்டி வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னால. அதுவும் உண்மை.

அடுத்த நிர்வாகக் கூட்டத்துல விஷயம் வந்தது. மூடிடுங்கன்னு சிலர். அவங்க பேசினதுல நியாயம் இருந்தது. “கோவில் இடத்துல கத்துக்கிட்டது இதுதானா?”ன்னு ஒரு பெரியவர் கேட்டப்போ எங்களால நிமிர்ந்து பார்க்க முடியலை. இன்னொரு பக்கம், விளையாடிய பிள்ளைங்கள்லயே நிஜப் பந்தயத்துக்குப் போனவங்க உலகத்துல இருக்காங்கன்னு ஒரு தம்பி வாதாடினான். ஜான் மார்டன்பரோன்னு பிரிட்டிஷ்காரர், கிரான் டூரிஸ்மோ விளையாட்டுல ஆடி, 2011-ல போட்டியில ஜெயிச்சு, நிஜமாவே கார் பந்தய ஓட்டுநர் ஆனார். 2023-ல படமாவும் வந்தது. அது சரிதான். ஆனா அதே ஆள் 2015-ல ஜெர்மனியின் நர்பர்க்ரிங்ல ஓட்டும்போது கார் காத்துல எழும்பி வேலியைத் தாண்டி விழுந்து, வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தர் இறந்துட்டார். அதையும் நாங்க கூட்டத்துல சொன்னோம். ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்னு தோணுச்சு.

பிள்ளைங்க கேட்ட இன்னொண்ணையும் அங்கேயே முடிவு பண்ணினோம். செப்பாங் இருக்கிற மோட்டோஜிபி விளையாட்டு வாங்கித் தாங்க, மோட்டார்தான் எங்களுக்குப் பிடிக்கும்னாங்க. மாட்டோம்னுட்டோம். அதுல விழுந்தவன் அடுத்த வினாடி வண்டி மேல உட்கார்ந்திருப்பான். அதே செப்பாங்ல 2011 அக்டோபர் 23 அன்னிக்கு ரெண்டாவது சுற்றுல விழுந்த மார்கோ சிமொன்செல்லி எழுந்திருக்கவே இல்லை. வயசு 24.

கடைசியா தலைவர் ஐயா பஸ் மாமாவைக் கேட்டார். மாமா, “பெட்டியை மூடினா பையன்கள் எங்க போவாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த பட்டனை மூடுங்க”ன்னார். அவ்வளவுதான் பேசினார். மூணு மாசம் பார்க்கலாம்னு முடிவாச்சு.

அடுத்த ஞாயிறே அமைப்பை மாத்தினோம். பின்னோக்கி ஓட்டுறது இல்லை. சேதம் முழு அளவு. விதிகள் முழு அளவு. பாதையில பச்சை, மஞ்சள், சிவப்புன்னு வழிகாட்டுற கோடு மட்டும் பத்து வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு. கார் உடைஞ்சா உன் முறை முடிஞ்சது, எழுந்து பின்னால போ. முதல் வாரம் ஒரே அழுகை. ஒருத்தன் எட்டு வினாடியில முதல் வளைவுல முடிஞ்சு, நாற்பது நிமிஷம் வரிசையில நின்னான். பாதிப் பேர் வராமப் போனாங்க, அதையும் மறைக்கலை. பதினைந்து பேர் ஏழு ஆனாங்க. இப்ப பதினொண்ணு.

சிவப்புக் கொடியை நாங்களே செஞ்சுட்டோம். பழைய சிவப்புத் துணி ஒண்ணை மூங்கில் குச்சியில கட்டி மாமா கையில கொடுத்தாச்சு. மழை பலமாகி ரெண்டு கார் சுத்தினா மாமா கொடியைத் தூக்குவார், ஆட்டத்தை நிறுத்தி வைக்கணும். அந்த நேரத்துல யார் எந்த இடமோ அதைப் பலகையில எழுதுவோம். ஏன் நிறுத்தினார்னு பிள்ளைங்க கேட்பாங்க, மாமா ஒரு பஸ் கதை சொல்வார். சில கதைகள் எங்களுக்கே தூக்கம் கெடுக்கும்.

தம்பி நாலு வாரம் முன்னால ஊன்றுகோலோட வந்தான். விளையாட வரலைன்னான், சும்மா உட்கார்ந்திருந்தான். போன வாரம் ஆறு வயசுக்காரன் செப்பாங் முதல் வளைவுக்கு வேகமா வர்றப்போ பின்னால இருந்து இவன் குரல்: “டேய், இப்பவே பிரேக். இப்பவே. இப்பவே லா!” சின்னவன் பிரேக் போட்டான், வளைவு முடிஞ்சு வெளிய வந்தான், கடைசி இடத்துலதான் வந்தான். “மெதுவா இருக்கே அண்ணே”ன்னு அவன் சிணுங்க, தம்பி, “கார் முழுசா இருக்குல்ல”ன்னான். அக்காகிட்ட நாங்க இதைச் சொல்லலை. நாங்க ஏற்கனவே ஒரு தடவை அவசரப்பட்டு நெஞ்சை நிமிர்த்தினவங்க.

கடைசியா சில நடைமுறை விஷயம். சத்தம் அதிகம்னு சொன்னவங்க சொன்னது சரி, இந்த வாரத்துல இருந்து அளவைக் குறைச்சாச்சு. சாயரட்சை பூஜை மணி அடிச்சா டிவி உடனே அணையும், பூஜை முடிஞ்சுதான் திரும்ப. தேவார வகுப்புக்கு வராத பிள்ளைக்கு வரிசையில இடம் இல்லை. மூணு மாசம் முடிஞ்சதும் நிர்வாகம் மறுபடி கூடும், அப்ப வேண்டாம்னு முடிவானா பெட்டியை நாங்களே கட்டி வச்சிடுவோம். பெற்றோர் யாராவது ஒரு ஞாயிறு மாலை 5 மணிக்கு வந்து பக்கத்துல உட்கார்ந்து பாருங்க, ஸ்டியரிங்கையும் பிடிச்சுப் பாருங்க. பிளேஸ்டேஷன் 3-க்குப் பொருந்துற ஸ்டியரிங் யார் வீட்டிலயாவது சும்மா கிடந்தா கோவில் அலுவலகத்துல கொடுங்க, இருக்கிறதுல பிரேக் பெடல் தளர்ந்துபோய் ரப்பர் வச்சு ஓட்டுறோம்.

போன ஞாயிறு எழுதின பலகை இன்னும் மண்டபத்துல இருக்கு. சிவப்புத் துணி தூக்கின நேரத்துல பத்தாவது இடத்துல யாருன்னு பார்த்துக்குங்க. எச்ஆர்டி, எண் 23.